நெஞ்செலும்பு சூப் ஒரு பார்சல்

காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ராசாங்கம் கிளம்பினார். அதில் பொய் ஒன்றும் இல்லை, கால் இருந்தது, நடக்கவும் செய்தார், ஆனால் சிம்மக்கல் முக்கைத் திரும்புவதற்குள்ளேயே தெரிந்துபோயிற்று, தன்னை இழுத்துக்கொண்டு போவது மூக்குதான் என்று. எங்கோ வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. வெறும் வெங்காயம். அதற்குப் போய் வாயில் இப்படி எச்சில் ஊறலாமா, பெண்டாட்டியை மயானத்தில் விட்டுவிட்டு வந்து மூன்று நாள் முழுசாக ஆகாத மனுஷனுக்கு? ஊறியது. விழுங்கினார். மறுபடி ஊறியது. மச்சினன் சோலைமலை வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை, சோறு வேகிறது, ஆனால் தாளிதம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது, கறி மீன் பேச்சே இல்லை, பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அப்படித்தான். உப்பும் புளியும் கரைத்த அந்தச் சோற்றையும் அவர் தொடவில்லை. துக்கம் என்று வீடு முழுக்க நம்பியது. முதல் நாள் அவரும் நம்பினார், முதல் நாள் நிஜமாகவே தொண்டையில் எச்சில்கூட இறங்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் லேசாகப் பசித்தது. அதற்குள் சோலைமலையின் சம்சாரம் பாண்டியம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மனுசன் பல்லுல பச்சத் தண்ணி படாமக் கெடக்காரு" என்று சொல்லி முடித்திருந்தாள். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கை சோறு போடு என்று கேட்பது? துக்கப்படுகிறவர் என்று ஒரு நல்ல பேர் வாங்கியாயிற்று, அந்தப் பேர் வயிற்றின் மேல் கல்லாக உட்கார்ந்துகொண்டது. இதுகூடப் போகட்டும். கோதை. ஒரே மகள். அம்மாவின் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தவள்தான், மாமன் தட்டோடு வரும்போதெல்லாம், "அப்பா சாப்ட்டாரா மாமா? அவரு சாப்ட்டதும் நான் சாப்பிடுறேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் காப்பித் தண்ணியில் ஓடுகிறது பிள்ளைக்கு. அது பட்டினி கிடக்கிற வீட்டிலிருந்து இறங்கி வந்து அதைப் பெற்றவன் வெங்காய வாசனைக்குச் சப்புக்கொட்டிக்கொண்டு நடக்கிறான். திரும்பிப் போய், வாம்மா ரெண்டு பேரும் சாப்பிடுவோம் என்று சொன்னால் ஆயிற்று. ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் மேலே நடந்தார்.

வடக்கு மாசி வீதிக்கு வந்ததும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். உள்ளே போகக்கூடாது. இந்த ஊரில் தெருக்கள் கோயிலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டிய வேலி மாதிரி, சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, எவ்வளவு நடந்தாலும் சுற்றித்தான் வரவேண்டும். தீட்டுக்காரன், கொள்ளி வைத்த கை, மாசி வீதிக்கு உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று தனக்குத்தானே சட்டம் போட்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கோயிலுக்குள் போகக்கூடாது என்பதுதான் முறை, தெருவில் நடக்கக்கூடாது என்று யார் சொன்னார்கள்? ஆனால் பெரிய தப்புக்குக் கிளம்புகிறவனுக்குக் கையில் ஒரு சின்ன ஒழுக்கம் இருந்தால் தெம்பாக இருக்கிறது. கிருஷ்ணன் கோயில் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரிக்கு மாறினார், மாறின இடத்தில் பருத்திப்பால் வண்டி நின்றது. பித்தளைப் பானை, அடியில் தணல், சுக்கும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்த ஆவி. இது சாப்பாடு இல்லை என்று மனசு உடனே தீர்ப்புச் சொன்னது. இது குடிக்கிறது, மருந்து, சளிக்குக் கொடுப்பார்கள். ஊற்றுகிற அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே அவருடைய தலையைப் பார்த்தாள். "மொட்ட பழனிக்காண்ணே?" மயானக்கரையில் தலையை வழித்தவர், எடுக்க மீசை இல்லையேய்யா என்று குறைப்பட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. மீசை நரைக்கத் தொடங்கினபோதே, நரைச்ச மீசை அழுக்குத் துணி மாதிரி இருக்கு, எடுத்துருங்க என்று பெண்டாட்டி வள்ளிமயில் சொல்லி எடுத்ததுதான், அப்புறம் வைக்கவேயில்லை. மழித்த தலையும் போன மீசையுமாக ஒருவன் வந்தால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் தெரியும், என்றைக்குமே மீசை இல்லாத முகத்தில் யார் எதைக் கண்டுபிடிப்பது? இல்லம்மா, என் பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுப் பருத்திப்பாலை எப்படிக் குடிப்பது? டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். "ஆமாம்மா, பழனி" என்றார். "முருகா" என்று அந்த அம்மா கரண்டி பிடித்த கையாலேயே கும்பிட்டாள். சூடாக இறங்கியது. தேங்காய்த் துருவல் பல்லில் பட்டது. கடைசிச் சொட்டு வரை அண்ணாந்து குடித்தார், டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கவும் செய்தார்.

கீழ மாசி வீதியில் மிளகாய் வற்றலும் பெருங்காயமும் கொத்தமல்லியும் மூட்டை மூட்டையாக நின்று மூக்கை அடைத்தன. தேர் நிற்கிற இடத்தைத் தாண்டினார், ஒரு கடைப் படியில் ஒருத்தி பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள், அதையும் தின்றார், காரம் ஒன்று இனிப்பு ஒன்று, அப்புறம் காரம் இன்னொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து வருஷா வருஷம் வந்துபோகிற ஊர். கோயம்புத்தூரில் பஸ் ஏறும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள், விளக்குத்தூணில் இது, தெற்கு மாசி வீதியில் அது, கறிதோசையை எந்தச் சந்தில் தின்ன வேண்டும், சூப்பை எந்தச் சந்தில் குடிக்க வேண்டும், ஒருநாள் உங்களை நடத்தியே கூட்டிட்டுப் போறேன் பாருங்க. அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பார். இறங்கினால் ஆட்டோ, ஆட்டோ இறங்கினால் மச்சினன் வீடு, கல்யாணமோ காதுகுத்தோ முடிந்ததும் மறுபடி பஸ். பம்புக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சாவி தன்னிடம் இருப்பதால் ஊரே தன்னை நம்பி இருக்கிறது என்கிற நினைப்பு. இந்தத் தடவை அண்ணன் வீட்டுக்கு என்று வந்தவள் காய்ச்சலில் படுத்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் குழாயும் ஊசியுமாகக் கிடந்து, போய்விட்டாள். அப்படியானால் இது அவளுக்காகத்தானே? அவள் காட்டுகிறேன் என்று சொன்ன ஊரை அவள் இல்லாதபோது நடந்து பார்க்கிறேன், அவள் தின்னச் சொன்னதைத் தின்கிறேன், இது ஒரு மாதிரி காரியம்தானே? நினைத்தபோது கண் கலங்கியது, நன்றாகத்தான் இருந்தது, விளக்குத்தூண் முனையில் ஜிகர்தண்டாவைக் கையில் வாங்கும்வரை அந்தக் கலங்கல் தாங்கியது. பாலாடையும் கடல்பாசியும் நன்னாரியும் நாக்கில் பட்டதும் எங்கே போயிற்றோ தெரியவில்லை, அவள் நினைப்பே இல்லை, அரை டம்ளர் காலியான பிறகுதான் ஐயோ அவளுக்காக அல்லவா குடிக்கிறோம் என்று ஞாபகம் வந்தது. பசி எந்த வேஷமும் போடும். பெண்டாட்டியின் பேரையும் போட்டுக்கொண்டு வரும். ராசாங்கத்துக்கு அது தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டே மீதி அரை டம்ளரையும் குடித்தார்.

மகால் பக்கத்துச் சந்துகளில் கொஞ்ச நேரம் சுற்றினார், தூண் தூணாக நிற்கிற பழைய அரண்மனைச் சுவரை ஒட்டி நடந்தார், பார்க்கிற மாதிரி பார்த்தார். எவ்வளவு பெரிய ராஜா கட்டினது, எவ்வளவு வெள்ளை. கண் சுவரில் இருந்தது, மனசு கறிதோசையில் இருந்தது. ஆறு வருஷமாகக் கறி கிடையாது அவருக்கு. ரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று டாக்டர் சொன்னதை டாக்டரே மறந்திருப்பார், வள்ளிமயில் மறக்கவில்லை. கம்பெனிக்காரர்களோடு வெளியே தின்றுவிட்டு வந்தால், கையைக் காட்டுங்க என்பாள், சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினாலும் மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள், குடலா ஈரலா என்றுகூடச் சொல்வாள். சண்டை போடமாட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளும் சாப்பிடாமல் படுத்துவிடுவாள், அதுதான் தண்டனை. மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவா வேண்டும்? தெற்கு மாசி வீதியில் ஒரு சந்து வாசலில் கல்லின் மேல் கறி புரள்கிற சத்தம் கேட்டபோது, நெஞ்சுக்குள்ளே ஒரு குரல், தன்னுடைய குரல்தான், சின்னப் பையன் பரீட்சை முடிந்து வருகிற சந்தோஷத்தோடு சொல்லியது, இனிமேல் யாரும் கையை மோந்து பார்க்கமாட்டார்கள். அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார். இதுவா? இதற்காகவா நடந்து வந்தேன்? பசி என்றால் பசி, அது உடம்பு, அதை மன்னித்துவிடலாம். இது என்ன? விடுதலையா? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் செத்துப்போனதில் எனக்கு ஒரு லாபம் இருக்கிறது என்று எந்த மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்? வெட்கம் காலிலிருந்து மேலே ஏறியது, மொட்டைத்தலை வரைக்கும் சுட்டது. வீட்டுக்குப் போய்விடுவோம் என்று திரும்பினார். திரும்பினவர் ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டார், கோயிலுக்குள் போகிற மாதிரி, ஹோட்டலில் யார் செருப்பைக் கழற்றுவார்கள்? மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

கறிதோசை கனமாக வந்தது, மேலே முட்டை, அதன் மேலே கொத்துக்கறி, பக்கத்தில் குழம்பு. முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார், திறந்தபோது எதிர்ப் பெஞ்சில் ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அகலமான மீசை வைத்த ஆள், அவனியாபுரம் என்று தானாகவே சொன்னார். "பழனிக்குப் போயிட்டு வந்து வாய் செத்துப்போச்சுல்ல? எனக்கும் அப்பிடித்தேன், தைப்பூசத்துக்கு நடந்து போயிட்டு வந்து மாலையக் கழட்டுன அன்னைக்கு நேரா இங்கதேன் வருவேன்." ராசாங்கம் தலையை ஆட்டினார். வாயில் கறி இருந்தது நல்லதாகப் போயிற்று. "எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்று அந்த அம்மா கேட்டாள். எதற்கு என்று சொல்வது, பிள்ளை படிப்பு, வீடு கட்டுவது, இடமாற்றம், எத்தனையோ இருக்கிறது மனுஷர்கள் வேண்டிக்கொள்ள. "வீட்ல உடம்பு சரியில்லாம இருந்தா" என்று வாய் சொல்லிவிட்டது. "அடப் பாவமே, என்ன செஞ்சது?" "காய்ச்சல். நெஞ்சுல சளி கட்டிக்கிருச்சு. ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்." எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "இப்ப எப்பிடி இருக்காக?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தாள். "இப்பத் தேவல. நல்லா இருக்கா. நேத்து எந்திரிச்சு உக்காந்தா." யார் இதைச் சொல்வது? தன் வாய்தான், கறியும் முட்டையும் ஒட்டின வாய். சொல்லி முடித்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் சிம்மக்கல்லில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, இவர் எங்கே போய்த் தொலைந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கணம் இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருந்தது, அதனால் மேலே பேசினார். "கஞ்சி குடிக்கிறா. வாய்க்கு ருசியா ஏதும் வேணுங்கிறா." "கேட்டீங்களா" என்று அந்த அம்மா புருஷனிடம் திரும்பினாள், "எனக்கு ஆபரேஷன் ஆயிக் கெடக்கையில நானும் அப்பிடித்தான கேட்டேன்? நெஞ்செலும்பு சூப்புத்தேன் என்னய எந்திரிக்க வச்சது. அண்ணே, அக்காவுக்கு ஒரு பார்சல் வாங்கிட்டுப் போங்க. மிளகு தூக்கலாப் போடச் சொல்லுங்க, நெஞ்சுச் சளிக்கு அதுதேன் மருந்து." வேண்டாம் என்றார். ராத்திரி நேரம், இறங்காது என்றார். அவனியாபுரத்துக்காரர் கேட்கவில்லை, சூப்பு ஊற்றுகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "பழனிக்குப் போயிட்டு வந்தவரு, நம்ம செலவு, வீட்ல உடம்புக்கு முடியாதவுகளுக்கு, பாத்துப் போடு" என்று சத்தம் போட்டார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சூடான பை ஒன்று ரப்பர் பேண்ட் போட்டு ராசாங்கத்தின் கைக்கு வந்தது. "முருகன் கைவிடமாட்டான்ணே" என்றாள் அந்த அம்மா. தட்டில் மிச்சமிருந்த தோசையை அவரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, ஆனாலும் தின்று முடித்தார், மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்களே.

மேல மாசி வீதியில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. துணிக்கடைகளுக்கு முன்னால் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தார்கள், ராசாங்கம் பையை மார்போடு அணைத்துக்கொண்டார், யாராவது இடித்துச் சிந்திவிடக்கூடாது. ஏன் சிந்தக்கூடாது? சிந்தட்டுமே. யாருக்கு இது? வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, துக்கம் நடந்த வீட்டுக்குள் கறிச்சாறு எப்படி நுழையும், சோலைமலையின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே வழிமறித்திருப்பாள். குடித்துவிடலாமா? வயிற்றில் இடம் இல்லை, தொண்டை வரைக்கும் நிறைந்து நிற்கிறது, இருந்தாலும் அவளுக்கென்று ஒருத்தி மிளகு தூக்கலாகப் போடச் சொன்னதைத் தான் குடிப்பதா? ஒரு கதவு மூடின கடை வாசலில் ஒருவர் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கொடுத்துவிடலாம் என்று குனிந்தார். குனிந்தவருக்குக் கை நீளவில்லை. கொடுத்துவிட்டால் முடிந்துபோகும். கையில் பை இருக்கிறவரைக்கும் அதை வாங்கிக்கொள்ள எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்கிற மாதிரி இருந்தது. போர்வைக்காரர், என்ன என்று தலையை நிமிர்த்தினார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ராசாங்கம் நடந்தார். குப்பைத் தொட்டி ஒன்று வந்தது, போயிற்று. சாக்கடை வந்தது, போயிற்று. சே, என்ன மனுஷன் நான், தின்றதும் நான், பொய் சொன்னதும் நான், செத்தவளை எழுப்பி உட்காரவைத்து ஓசிச் சூப்பு வாங்கினதும் நான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், மூக்கில் குழாய், வார்த்தை முக்கால்வாசி காற்று, அவர் அப்போதுதான் கேன்டீனில் இரண்டு பரோட்டா தின்றுவிட்டு வந்திருந்தார், இன்னும் இல்ல என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? நீ இப்படிக் கிடக்கும்போது எனக்குப் பசிக்குமா என்று காட்டுவதற்கு. அவள் அதை நம்பிக்கொண்டே போய்விட்டாள், புருஷன் சாப்பிடவில்லையே என்கிற கவலையோடு போயிருப்பாள், கடைசிக் கவலையாக அதைத்தான் கொடுத்து அனுப்பினோம். நடக்க நடக்க வடக்கு மாசி வீதி வந்துவிட்டது, பை ஆறத் தொடங்கியிருந்தது.

சிம்மக்கல் பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து, "அப்பா!" என்று ஒரு சத்தம். சோலைமலையின் ஸ்கூட்டர், பின்னால் கோதை, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தாள். வாராத தலை, உதடு வெடித்துக் கிடந்தது. "எங்கப்பா போனீங்க? ஊரெல்லாம் தேடுறோம். ஆத்துப் பக்கம்கூடப் போய்ப் பாத்துட்டு வர்றோம்பா." ஆற்றுப் பக்கம். என்ன நினைத்துத் தேடினார்கள் என்று ராசாங்கத்துக்குப் புரிந்தது. "சும்மா நடந்தேன்மா." "கையில என்ன?" பையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார், திருட்டுப் பண்டம் பிடிபட்ட பிள்ளை மாதிரி. "யாருக்குப்பா இது?" எனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தார், சோலைமலை வீட்டுக்கு என்று சொல்லலாம், பக்கத்து வீட்டில் கேட்டார்கள் என்று சொல்லலாம், பொய்தான் அன்றைக்கு அவருக்குச் சரளமாக வந்ததே, அந்த நேரம் பார்த்து ஒன்றும் வரவில்லை. "அம்மாவுக்கு" என்றார். கோதை அவரையே பார்த்தாள். அவளுடைய முகத்தில் வந்தது பயம் என்று அவருக்குத் தெரிந்தது. சோலைமலை ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து பையை மெதுவாக வாங்கி மோந்து பார்த்தார், பெரிய உடம்பு, கொள்ளி வைக்கிற இடத்தில்கூட அழாத மனுஷன், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். "மாப்ள. நெஞ்செலும்பு சூப்பா மாப்ள? அவளுக்குன்னு வாங்கிட்டு வந்தீகளா?" "இல்ல மச்சான், நான்..." "ஒண்ணுஞ் சொல்ல வேணாம். வாங்க, வீட்டுக்குப் போவம்." அண்ணனுக்கும் தங்கைக்கும் சின்ன வயசிலிருந்து அந்தச் சூப்பென்றால் உயிராம், அவருக்கு அது தெரியவே தெரியாது. சோலைமலை பையை வீட்டு வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதற்குள் விஷயம் அவருக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டது. பாண்டியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கட்டுனவ செத்தது மறந்து சூப்பு வாங்கிட்டு வந்திருக்காரே மனுசன், இப்பிடி ஒரு புருசன எங்க பாக்க முடியும்" என்று உள்ளறையில் யாரோ சொல்ல, அடங்கியிருந்த அழுகை வீடு முழுக்க மறுபடி கிளம்பியது.

அவரைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். யாரோ விசிறினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதார்கள், அதனால் பேசாமல் இருந்தார், பேசாமல் இருந்ததற்கும் அழுதார்கள். எழுந்து நின்று, கேளுங்கள், நான் பருத்திப்பால் குடித்தேன், பணியாரம் தின்றேன், ஜிகர்தண்டா குடித்தேன், கறிதோசை தின்றேன், அவள் செத்ததில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது என்று கத்தினால் என்ன ஆகும்? பைத்தியம் முற்றிவிட்டது என்று சொல்வார்கள். கோதை ஒரு தட்டில் சோறும் தாளிக்காத ரசமும் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்து அவள் எச்சில் விழுங்கினது அவருக்குத் தெரிந்தது. "வாயத் திறங்க." "நீ சாப்பிடும்மா." "நீங்க ஒரு வாய் சாப்பிட்டா நான் ஒரு வாய்." சின்னக் குழந்தையில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது அவர் சொன்னதில்லை இதை, அவர் எங்கே ஊட்டினார், கம்பெனியில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோதை, அப்பா சாப்ட்டேன்மா" என்றார், "வெளிய சாப்ட்டேன். கறிதோசை சாப்ட்டேன். நெசமா." கோதையின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள். "நான் சாப்பிடணும்னுதான இப்பிடிச் சொல்றீங்க?" பின்னால் பாண்டியம்மா மூக்கை உறிஞ்சினாள். ராசாங்கம் மகளைப் பார்த்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்தது. வாயைத் திறந்தார். ரசச் சோறு உள்ளே போனது, எங்கே போவது என்று தெரியாமல் தொண்டையில் நின்றது, விழுங்கினார். கோதை அதே கையால் ஒரு வாய் எடுத்துத் தான் போட்டுக்கொண்டாள், மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கினாள், அடுத்ததை அவருக்கு நீட்டினாள். அடுத்தது அவளுக்கு. வயிறு கல்லாக இறுகியது, நெற்றி வேர்த்தது, இதற்கு மேல் ஒரு பருக்கை இறங்காது என்று நினைத்தார், அதுவும் இறங்கியது. தட்டில் பாதி குறைந்திருந்தபோது கோதை அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "போதுமாப்பா?" என்று கேட்டாள், அவளுடைய கை தட்டின் மேல் நின்றது, அவருக்குப் போதும் என்றால் அவளுக்கும் போதும். ராசாங்கம் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். "இல்லம்மா" என்றார். "பசிக்குது. இன்னும் குடு."